மேஃப்ளவர் கப்பலில் வந்த ரிச்சர்ட் வாரனின் அப்பா யார்? சம்பந்தி வீட்டு வம்சாவளியில் ஒரு சந்தேகம்

பழைய பத்திரக்காரர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் 34 வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது பாஸ்டனுக்குத் தெற்கே மகள் வீட்டில் ஆறு மாதமாக இருக்கிறேன். மாப்பிள்ளை அமெரிக்கர், நல்ல பிள்ளை. பிரச்சினை அவரால் இல்லை, அவருடைய அம்மா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் ஒரு கண்ணாடிச் சட்டத்தால்.

நாலாம் வகுப்புப் படிக்கும் பேரனைக் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். என் பக்கம் என் கொள்ளுத்தாத்தா வரைக்கும் வாய்மொழியாகச் சொன்னேன், நாலு கட்டத்தில் முடிந்துவிட்டது. சம்பந்தியம்மா பக்கமோ மரம் இல்லை, ஆலமரம். 1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேற ஆட்களை ஏற்றி வந்த மேஃப்ளவர் கப்பலில் வந்த ரிச்சர்ட் வாரன், அவர் மகள் மேரி, மேரியின் கணவர் ராபர்ட் பார்ட்லெட் என்று தொடங்கிப் பேரன் வரை வரிசையாக வருகிறது. கீழே இருப்பதற்கெல்லாம் சான்று இருக்கிறது. ஞானஸ்நானம், கல்யாணம், உயில் என்று ஒரு அட்டைப்பெட்டி நிறைய நகல் வைத்திருக்கிறார். நானே இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினேன். தலைமுறைக்குத் தலைமுறை ஒட்டுகிறது, குறை சொல்ல முடியாது.

ரிச்சர்டுக்கு மேலேதான் எனக்கு உறுத்துகிறது. அவர் மனைவி பெயர் 'எலிசபெத் ஜூவாட் மார்ஷ்' என்று போட்டிருக்கிறது. அப்பா, தாத்தா என்று ஏறிப் போய் இங்கிலாந்தின் வாரன் பிரபுக்கள், சரே பிரபு, பிரான்ஸில் இருக்கும் நார்மண்டி என்று தங்க எழுத்தில் முடிகிறது. இந்தப் பகுதிக்கு மட்டும் அட்டைப்பெட்டியில் ஒரு காகிதம்கூட இல்லை. கேட்டால், "என் பாட்டி காலத்திலிருந்தே அப்படித்தான்" என்கிறார்.

எங்கள் தொழிலில் இதற்குப் 'பிதுரார்ஜிதம்' என்று பெயர், முன்னோர் வழியில் வந்தது என்று பொருள். கையில் தாய்ப்பத்திரம் இல்லாத பார்ட்டி வந்தால், "பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு அனுபோகத்தில் இருந்து வருகிற" என்று ஒரு வரி போட்டுவிட்டால் எழுதிய பேனாவுக்கு வேலை முடிந்தது. நானும் ஒருமுறை அப்படிப் போட்டேன். பதினோரு வருஷம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறி, "அவர் சொன்னார், நான் எழுதினேன்" என்று தலைகுனிந்து நின்றேன். அதற்குப் பிறகு மூலம் பார்க்காமல் அந்த வார்த்தையை எழுதியதே இல்லை.

இப்போது பேரன் எழுதப்போகிறான். ரிச்சர்ட் வாரனின் பெற்றோர் யார் என்று உண்மையிலேயே யாருக்காவது தெரியுமா? சம்பந்தியம்மா மனம் கோணாமல் இதை எப்படிச் சொல்வது?

---

நூலகத்து மாமி எழுதியது:

ஐயா, வணக்கம். நான் நியூ ஜெர்சியில் ஒரு பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மேஃப்ளவர் வம்சாவளி கேட்டு வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள், அதனால் இது எனக்குப் பழகிய தலைவலி.

உங்கள் உறுத்தல் சரி. ரிச்சர்ட் வாரனின் அப்பா, அம்மா யார் என்பதற்கு இன்றுவரை சான்று இல்லை. அவர் எந்த ஊரில் பிறந்தார் என்பதற்கும் இல்லை.

மனைவி விஷயம் வேறு. அது தீர்ந்துவிட்டது. 'ஜூவாட் மார்ஷ்' பழைய புத்தகங்களில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்ட பெயர். 2003இல் 'தி அமெரிக்கன் ஜீனியாலஜிஸ்ட்' இதழில் எட்வர்டு டேவிஸ் என்பவர் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் ஆவணங்களை வைத்து உண்மையான பெயரை வெளியிட்டார். லண்டனுக்கு வடக்கே கிரேட் ஆம்வெல் என்ற ஊர். அந்தத் தேவாலயப் பதிவேட்டில் 1610 ஏப்ரல் 14 அன்று ரிச்சர்ட் வாரனுக்கும் எலிசபெத் வாக்கருக்கும் கல்யாணம்.

இது மட்டும் இருந்தால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ரிச்சர்டும் எலிசபெத்தும் அந்தக் காலத்து இங்கிலாந்தில் நம் ஊர் முருகன், வள்ளி மாதிரி. கூடவே ஒரு உயில் இருக்கிறது. அதே ஊரில் அகஸ்டின் வாக்கர் என்று சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்த குடியானவர், 1613 ஏப்ரலில் எழுதியது. அதில் தன் மகளை ரிச்சர்ட் வாரனின் மனைவி எலிசபெத் என்று குறிப்பிட்டு, அவளுடைய மூன்று குழந்தைகளுக்கும் எழுதி வைக்கிறார். குழந்தைகள் பெயர் மேரி, ஆன், சாரா.

இப்போது அமெரிக்கப் பக்கம் வாருங்கள். 1620இல் ரிச்சர்ட் தனியாகத்தான் வந்தார். பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் பின்னாளில் எழுதிய பயணிகள் பட்டியலில், மனைவி மக்களை விட்டு வந்தார், அவர்கள் பிறகு வந்தார்கள் என்று குறித்திருக்கிறார். 1623இல் 'ஆன்' என்ற கப்பலில் எலிசபெத் ஐந்து மகள்களோடு வந்து சேர்ந்தார். மேரி, ஆன் (ஆனா என்றும் எழுதுவார்கள்), சாரா, எலிசபெத், அபிகெய்ல். முதல் மூன்று பெயரையும் உயிலோடு வைத்துப் பாருங்கள். அதே பெயர், அதே வரிசை.

ஆக, பேரன் தைரியமாக எழுதலாம்: எலிசபெத் வாக்கர், தகப்பனார் அகஸ்டின் வாக்கர். சம்பந்தியம்மாவிடம் ஒன்றைப் பறித்தால் ஒன்றைக் கொடுக்க வேண்டுமல்லவா? இதைக் கொடுங்கள்.

---

முட்டுச்சந்து எழுதியது:

அமெரிக்காவில் யாரைக் கேட்டாலும் பிரபு வம்சம், நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சோழ வம்சம். அப்போதெல்லாம் ஊரில் துணி வெளுத்தது யார், மாடு மேய்த்தது யார் என்றுதான் தெரியவில்லை.

ஒரு சின்ன தகவல். சரே பிரபுவாக இருந்த கடைசி வாரன், ஜான் டி வாரன், 1347இல் முறையான வாரிசு இல்லாமல் இறந்துபோனார். அதற்குப் பிறகு 270 வருஷம் தாண்டிக் கப்பலேறிய ஒருவரை அங்கே கொண்டுபோய் ஒட்டவேண்டுமென்றால் நிறைய பசை வேண்டும். வாரன் என்ற குடும்பப் பெயருக்கு நார்மண்டி ஊர்ப்பெயர் ஒன்றுதான் மூலம் என்றும் இல்லை. முயல் வளர்க்கும் காட்டுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். பக்கத்தில் குடியிருந்தவனுக்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டியது.

பணக்காரர்களுக்கு வம்சாவளி 'செய்துகொடுத்த' ஆட்களும் உண்டு. குஸ்தாவ் ஆன்ஜூ என்று ஸ்வீடனில் பிறந்து நியூயார்க்கில் கடை விரித்த ஒருவர், இல்லாத தேவாலயப் பதிவுகளையும் உயில்களையும் சேர்த்து எழுதி விற்றார். அவர் 1942இல் இறந்துவிட்டார், அவர் சரக்கு இன்னும் சாகவில்லை. இணையத்து மரங்களில் இப்போதும் காய்க்கிறது. உங்கள் சம்பந்தி வீட்டுச் சட்டம் அவர் கைவேலை என்று சொல்லவரவில்லை. அந்தக் காலத்தில் இதற்கு ஒரு சந்தை இருந்தது என்கிறேன்.

---

ஆர்வக்கோளாறு எழுதியது:

ஐயா, மாப்பிள்ளையை மரபணுச் சோதனை எடுக்கச் சொல்லுங்களேன்? எச்சில் துப்பி அனுப்பினால் ஆறு வாரத்தில் தெரிந்துவிடும். எதற்கு இந்த 400 வருஷத்துக் காகிதம் எல்லாம்?

---

நூலகத்து மாமி எழுதியது:

தம்பி, அவ்வளவு சுலபமாக இருந்தால் எங்கள் நூலகத்தில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

ஆண்வழி மரபணு அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். ஐயாவின் மாப்பிள்ளை ரிச்சர்டின் மகள் மேரி வழியில் வந்தவர், அதுவும் அவர் அம்மா பக்கம். ரிச்சர்டின் ஆண்வழி அவரிடம் இருக்க வழியே இல்லை. மற்றபடி பொதுவான சோதனை என்றால், பன்னிரண்டு தலைமுறை மேலே போனால் 4,096 முன்னோர் இடங்கள் வருகின்றன. அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒருவரிடமிருந்து ஒரு துணுக்குகூட வந்து சேராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

ரிச்சர்டுக்கு நத்தானியேல், ஜோசப் என்று இரண்டு மகன்கள் பிளிமத்தில் பிறந்தார்கள். அவர்களின் நேர் ஆண்வழியில் இன்று வாரன் என்ற பெயரோடு இருப்பவர்கள் சோதனை எடுத்தால் பயன் உண்டு. ஆனால் ஒப்பிட இங்கிலாந்தில் ஒரு வாரன் குடும்பம் வேண்டும். ஒத்துப்போனாலும் எங்கோ ஒரு பொது மூதாதை இருந்தார் என்றுதான் சொல்லும். அவர் அப்பாவா, பெரியப்பாவா, ஆறு தலைமுறைக்கு முந்தினவரா என்று சொல்லாது. அதற்குத் திரும்பவும் காகிதத்துக்குத்தான் வர வேண்டும்.

---

பழைய பத்திரக்காரர் எழுதியது:

மாமி என்று கூப்பிடலாமா தெரியவில்லை, வயதில் சின்னவராக இருப்பீர்கள். அம்மா என்றே சொல்கிறேன். மிகவும் நன்றி அம்மா. நேற்று ராத்திரி முழுக்க உங்கள் பதிலைத்தான் அசைபோட்டேன்.

எனக்கு இதில் பிடித்தது எது தெரியுமா? செக்குபந்தி. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு நிலத்தைப் பத்திரத்தில் எழுதும்போது வடக்கே யார் நிலம், தெற்கே வாய்க்கால், கிழக்கே பாதை என்று நான்கு எல்லை எழுதுவோம், அதுதான் செக்குபந்தி. சர்வே எண் தப்பாகிப் போனாலும், பட்டாவில் பெயர் மாறிப் போனாலும், நான்கு பக்கத்துக்காரனும் சரியாக இருந்தால் நடுவில் இருக்கும் நிலம் எங்கேயும் ஓடிப்போகாது. டேவிஸ் என்ற அந்த மனிதர் ரிச்சர்டைப் பிடித்ததும் இப்படித்தான். ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் பெண்டாட்டி யார், மாமனார் யார், குழந்தைகள் யார் என்று சுற்றிலும் எல்லைக்கல் நட்டுவிட்டார்.

இன்னொன்று எனக்கு விசித்திரமாகப் பட்டது. இவர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது, நமக்கு இல்லை என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு முறை பேச்சு வந்தது. நான் 'கோ.' என்று இனிஷியல் போட்டால் அது என் அப்பா கோவிந்தசாமி. பத்திரத்தில் 'கோவிந்தசாமி குமாரர்' என்று முழுசாக வரும். ஆனால் 1610இல் நடந்த அந்தக் கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும்தான். இங்கிலாந்தில் கல்யாணப் பதிவில் தகப்பன் பெயர் எழுதுவது 1837இல்தான் வழக்கத்துக்கு வந்தது என்று மாப்பிள்ளை தேடிப் பார்த்துச் சொன்னார். அந்த எழுத்தர் 'இன்னார் குமாரர்' என்று ரெண்டு வார்த்தை கூடுதலாக எழுதியிருந்தால் இந்த 400 வருஷ வியாஜ்யமே இல்லை. என் சாதிக்காரன் செய்த தப்பு என்றுதான் நினைக்கிறேன். எழுத்தர் சாதி.

போன ஞாயிற்றுக்கிழமை பிளிமத்துக்குக் கூட்டிப்போனார்கள். மேஃப்ளவரில் வந்தவர்கள் முதலில் கால் வைத்ததாகச் சொல்லும், 1620 என்று செதுக்கிய அந்தப் பாறையைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் துணி துவைக்கிற கல்லுக்கு இவ்வளவு மண்டபம் கட்டியிருந்தால் நாங்களும் சுற்றுலாத்தலமாகி இருப்போம். சரி, அதை விடுங்கள்.

ஒரு சந்தேகம் பாக்கி. சம்பந்தியம்மா ஒரு பழைய புத்தகத்தின் நகலைக் காட்டினார். அதில் ரிச்சர்ட் 'லண்டன்காரர்' என்று தெளிவாக இருக்கிறதாம். அப்படியென்றால் லண்டனில் பிறந்த வாரன்களில் தேடினால் அப்பா கிடைக்கமாட்டாரா?

---

நூலகத்து மாமி எழுதியது:

மாமி என்றே கூப்பிடுங்கள் ஐயா, நானே வைத்துக்கொண்ட பெயர்தானே.

அந்தப் புத்தகம் 1622இல் லண்டனில் அச்சானது. 1620 டிசம்பரில் குளிரில் படகெடுத்துக்கொண்டு இடம் தேடிப் போனவர்களின் பெயர்கள் அதில் வருகின்றன. லண்டனைச் சேர்ந்த மூவர் என்று ரிச்சர்ட் வாரன், ஸ்டீபன் ஹாப்கின்ஸ், எட்வர்டு டோட்டி மூவரையும் ஒரே வரியில் சேர்த்திருக்கிறது. இதில் ஹாப்கின்ஸைப் பாருங்கள். ரொம்ப காலம் அவரை குளோஸ்டர்ஷயர் ஆள் என்றார்கள். 1998இல் ஹாம்ப்ஷயரில் ஹர்ஸ்லி என்ற ஊர்ப் பதிவேட்டில் அவர் பிள்ளைகளின் ஞானஸ்நானம் கிடைத்தது: எலிசபெத், கான்ஸ்டன்ஸ், கைல்ஸ். லண்டனில் அவர் இருந்தது உண்மை, 1618இல் வொயிட்சேப்பலில் இரண்டாவது கல்யாணம் செய்திருக்கிறார். ஆனால் அது கப்பலேறுவதற்கு முன்னால் இருந்த ஊர், பிறந்த ஊர் இல்லை. அதே வரியில் இருக்கும் ரிச்சர்டுக்கும் 'லண்டன்' என்பதற்கு அதற்குமேல் பொருள் வைக்க முடியாது. மதறாஸ்காரர் என்று வடக்கே நம் எல்லோரையும் சொன்ன மாதிரி.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். ரிச்சர்டின் மகன் நத்தானியேல் 1645இல் கட்டிக்கொண்ட பெண்ணின் பெயர் சாரா வாக்கர். அவன் அம்மாவும் வாக்கர். உடனே மாமன் மகள் என்று முடிச்சுப் போடத் தோன்றும். நமக்கு இன்னும் அதிகமாகத் தோன்றும்! அதற்கு ஆதாரம் கிடையாது. வாக்கர் என்பது அங்கே தெருவுக்குத் தெரு இருந்த பெயர்.

மேஃப்ளவரில் நிஜமாகவே ராஜ வம்சத் தொடர்பு காகிதத்தில் நிரூபணமானவர் உண்டு. ரிச்சர்ட் மோர் என்ற சின்னப் பையன். ஷ்ராப்ஷயரில் பெற்றோருக்குள் நடந்த தகராறில் உடன்பிறப்புகள் மூவரோடு கப்பலேற்றி விடப்பட்டவன். அந்த மூன்று பேரும் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள். ராஜ ரத்தம் என்ன உதவி செய்தது பாருங்கள்.

கடைசியாக ஒன்று, உங்களுக்குப் பிடிக்கும். எலிசபெத் 1673 அக்டோபர் 2இல் இறந்ததைப் பிளிமத் ஆவணத்தில் குறித்திருக்கிறார்கள். வயது 90க்கு மேல் என்றும், முற்றிய கதிர்க்கட்டுபோல் சமாதிக்குப் போனார் என்றும் எழுதியிருக்கிறது. அதே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பால்டாக் என்ற ஊரில் ஒரு எலிசபெத் வாக்கரின் ஞானஸ்நானம் 1583 செப்டம்பரில் இருக்கிறது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நாலாவது எல்லைக்கல்.

---

முட்டுச்சந்து எழுதியது:

90 வயது ஒரு மாதம்! எழுத்தர் ஒருவராவது ஒழுங்காக எழுதியிருக்கிறாரே.

---

பழைய பத்திரக்காரர் எழுதியது:

நேற்று சம்பந்தியம்மா சாப்பிட வந்திருந்தார். மகள் கண்ணாலேயே என்னை அடக்கப் பார்த்தாள். நான் பிரபு பேச்சையே எடுக்கவில்லை. எலிசபெத் அம்மாளைப் பற்றி மட்டும் பேசினேன்.

ரிச்சர்ட் 1628இல் இறந்துவிட்டார். வந்து எட்டு வருஷம்தான். ஏழு பிள்ளைகள், கடைசி இரண்டும் சின்னக் குழந்தைகள். அதற்குப் பிறகு 45 வருஷம் அந்த அம்மாள் தனியாக இருந்திருக்கிறார். 1633 வரிப்பட்டியலில் விதவை என்று அவர் பெயரிலேயே வரி. 1637இல் அங்கத்திய நீதிமன்றம், இறந்த கணவரின் இடத்தில் குடியேற்றத்தின் பங்குதாரராக இந்த அம்மாளை எழுதிக்கொண்டது. மருமகன்களுக்கு நிலம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏழு பிள்ளைகளும் வளர்ந்து ஆளாகிப் பிள்ளை பெற்றார்கள். பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்த கப்பலில் வந்த குடும்பம் இது. இதையெல்லாம் அந்த அட்டைப்பெட்டியிலேயே நகலாக வைத்திருக்கிறார், ஆனால் ஒரு நாளும் வாசித்ததில்லையாம். மேலே பிரபு இருக்கும்போது கீழே யார் பார்ப்பார்கள்?

அப்புறம் அந்த மாடு. 1627 மே மாதம் ஊர் மாடு, ஆடுகளைப் பாகப்பிரிவினை செய்திருக்கிறார்கள். 156 பேர், பதின்மூன்று பேர் வீதம் பன்னிரண்டு பங்கு. ஒன்பதாவது பங்கு வாரன் குடும்பத்தோடு சேர்ந்தவர்களுக்கு. கிடைத்தது 'ஜேக்கப்' கப்பலில் வந்த கருப்புக் கிடாரிகளில் ஒன்று, வழுவழுக் கொம்புக்காரி என்று பெயர், கூடவே இரண்டு பெட்டை வெள்ளாடு. பாகப்பிரிவினைப் பத்திரம் எத்தனையோ எழுதியிருக்கிறேன், மாட்டுக்குக் கொம்பு அடையாளம் எழுதினதில் எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அந்தப் பட்டியலில்தான் ஏழு பிள்ளைகளின் பெயரும் வரிசையாக இருக்கிறது. தாய்ப்பத்திரம் என்றால் இது.

சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் என் பாட்டி பொய் சொன்னாளா?" என்று கேட்டார். "இல்லைம்மா, அவரிடம் யாரோ சொன்னார்கள், அவர் நம்பினார். நானும் அப்படி ஒருமுறை எழுதியவன்தான்" என்று சாட்சிக் கூண்டுக் கதையைச் சொன்னேன். மகள் மொழிபெயர்க்கும்போது பாதியிலேயே சம்பந்தியம்மா சிரித்துவிட்டார்.

சட்டம் ஹாலில் அப்படியேதான் இருக்கிறது, அதை எடுக்கச் சொல்ல நான் யார்? பேரன் அட்டையில் மட்டும், எலிசபெத் என்ற பெயருக்குப் பக்கத்தில் 'மார்ஷ்' போய் 'வாக்கர்' வந்திருக்கிறது. அவளுக்கு மேலே அகஸ்டின். ரிச்சர்டுக்கு மேலே இருக்கும் கட்டம் காலி. காலியாக விட்டால் மதிப்பெண் குறையுமா என்று கேட்டான். குறைந்தால் தாத்தா வந்து ஆசிரியையிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு அந்தக் கட்டத்தில் ஒரு கருப்புக் கிடாரி வரைந்துகொண்டிருக்கிறான். கொம்பு சரியாக வரவில்லை என்று மூன்று முறை அழித்தாயிற்று.